ஆளுநர் வழக்குத் தீர்ப்பை முழுசாகப் படிக்கத்தான் வேண்டுமா?

9 ஏப்ரல் 2025, ஒரு வாசகரின் கேள்வி

நேற்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த பத்து மசோதாவும் சட்டம். ஆளுநர் பிரச்சினை இத்தோடு தீர்ந்தது. இனி இதில் படிக்க என்ன இருக்கிறது? பேப்பரில் வந்ததே போதும். ஓய்வு பெற்றவர்கள் தீர்ப்பு நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது எதற்கு? பரீட்சையா எழுதப்போகிறீர்கள்?

10 ஏப்ரல் 2025

தீர்ந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். படிக்க ஒன்றும் இல்லை என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன்.

எனக்கு 64 வயது. 1985இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 34 வருடம் டெல்டா பக்கத்துத் தாலுகா அலுவலகங்களில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். சட்டப் படிப்பு கிடையாது. பணியில் இருந்தவரை அரசாணையும் நிலையாணையும்தான் எங்களுக்கு வேதம். அரசமைப்புச் சட்டத்தை அலமாரியில் பார்த்ததோடு சரி.

இந்த வழக்கில் என்னை இழுத்த விஷயம் ஒன்றுதான். ஒரு தாள் மேசைக்கு வந்துவிட்டது. அதில் ஆம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படிப்பட்ட தாளுக்குத் தன்பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலில் ஏறும், மேலதிகாரி கேட்பார். ஆளுநர் மேசையில் இருக்கும் தாளை யார் கேட்பது? அதற்குத் தீர்ப்பில் என்ன பதில் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

12 ஏப்ரல் 2025

நேற்று இரவு முழுத் தீர்ப்பு இணையதளத்தில் ஏறிவிட்டது. 415 பக்கம். ஆளுநருக்கு ஒரு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். இனி எந்த மசோதாவும் தூங்காது.

16 ஏப்ரல் 2025

12ஆம் தேதி எழுதியதில் பிழை. அன்று நான் படித்தது தீர்ப்பு அல்ல, தொலைக்காட்சியின் அடியில் ஓடிய வரி. திருத்திக்கொள்கிறேன்.

கெடு மூன்று விதம். அமைச்சரவை சொன்னபடி ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்தாலோ குடியரசுத் தலைவருக்கு அனுப்பினாலோ ஒரு மாதம். அமைச்சரவை சொன்னதற்கு மாறாகச் செய்தால் மூன்று மாதம். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பிய மசோதா என்றால் ஒரு மாதம். குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம்.

அந்தக் கடைசி மூன்று மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிபதிகள் தாங்களாகவே கற்பித்துக்கொண்டது என்று பலரும் பேசுகிறார்கள். உள்ளே போனால், 2016 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகமே ஒரு அலுவலகக் குறிப்பாணையில் மாநில மசோதாக்களுக்கு மூன்று மாதம் என்று எழுதிவைத்திருக்கிறது. ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அதைத்தான் கையில் எடுத்திருக்கிறது. என் காலமெல்லாம் குறிப்பாணைகளோடு போனதாலோ என்னவோ, அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். டெல்லியில் ஒரு பிரிவு அலுவலர் எழுதி, மேலே போய்க் கையெழுத்தாகி வந்த தாள் ஒன்பது வருடம் கழித்துக் குடியரசுத் தலைவருக்கே கெடுவாக வந்து நிற்கிறது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அச்செடுத்து மூன்று பாகமாக ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். கைபேசியில் பத்துப் பக்கம் தாண்டினால் கண் எரிகிறது. தாளில் ஒரு நாளைக்கு 15 பக்கம் ஓடுகிறது.

20 ஏப்ரல் 2025

எப்படிப் படிப்பது என்று கேட்டவருக்கு. தீர்ப்பை ஒதுக்கி வையுங்கள், முதலில் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 200ஐக் கையால் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம்கூட வராது. நான் நான்கு தடவை எழுதினேன்.

மசோதா வந்ததும் ஆளுநர் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒப்புதல் தருகிறேன், நிறுத்திவைக்கிறேன், குடியரசுத் தலைவருக்கு அனுப்புகிறேன். அதன் கீழே, வக்கீல்கள் ‘புரொவைசோ’ என்று சொல்லும் துணை வாசகம். பண மசோதா அல்லாததை, மறுபடி யோசியுங்கள் என்று ‘கூடிய விரைவில்’ திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் அதை மறுபடி நிறைவேற்றினால், திருத்தத்தோடோ திருத்தமில்லாமலோ, ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

மொத்தச் சண்டையும் இங்கேதான். ‘நிறுத்திவைக்கிறேன்’ என்று சொல்பவர் கட்டாயம் திருப்பி அனுப்பத்தான் வேண்டுமா? அல்லது நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா இருந்தால் மசோதா செத்துப்போகுமா? 2023 நவம்பரில் பஞ்சாப் வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு, திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஏப்ரல் தீர்ப்பு அதன் மேல் கட்டியது.

திருப்பி அனுப்புவதும் மறுபடி நிறைவேற்றுவதும் நம் ஊரில் நடக்காததில்லை. இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவை 2022 அக்டோபரில் நிறைவேற்றினார்கள். 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மறுபடி நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் கையெழுத்தாகிவிட்டது. பிரிவு 200 எழுதியிருப்பதுபோலவே நடந்த கதை அது. நடுவில் போன மாதங்களுக்குத்தான் கணக்கு இல்லை.

3 மே 2025

சனிக்கிழமை தோறும் கிளை நூலகத்தில் மூன்று பேர் கூடுகிறோம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், எங்களுக்கு ஹெச்.எம். சார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். நான். மூன்று பேருக்கும் ஓட்டு மூன்று பக்கம். அதனால்தான் படிப்பு நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே பக்கமாக இருந்திருந்தால் டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்போம்.

நடத்துநர் அண்ணன் இன்று கேட்டது: “அமைச்சரவை சொன்னபடிதான் கையெழுத்துப் போடணும்னா, அந்தக் கையெழுத்து எதுக்கு? இல்ல, போடாம இருக்கலாம்னா, நாம போட்ட ஓட்டு எதுக்கு?”

நான் 1974 ஷம்ஷேர் சிங் வழக்கைச் சொன்னேன். ஏழு நீதிபதிகள், ஆளுநர் அமைச்சரவை சொல்படிதான் நடக்க வேண்டும் என்று சொன்னது. அவர் தலையை ஆட்டினார், ஒப்பவில்லை. “அப்போ கையெழுத்து எதுக்கு?” என்று திரும்பவும் அதே இடத்துக்கு வந்தார். என்னிடம் பதில் இல்லை.

22 மே 2025

முதல் வரியிலேயே நான் ஒப்புக்கொண்ட விஷயம் தவறு. எதுவும் தீரவில்லை.

மே 13 அன்று குடியரசுத் தலைவர், நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வழி தரும் பிரிவு 143இன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறார். கெடு வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, ஒப்புதல் தந்ததாகக் கருதலாமா, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் பிரிவு 142ஐ இதற்கு எடுக்கலாமா. அதற்குள் நேற்று, அந்தப் பத்துச் சட்டங்களில் துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுவிட்டது. சட்டமாகி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

மனசு விட்டுப்போயிற்று. இத்தனை பக்கம் படித்தது வீணா என்று ஒரு நாள் முழுக்க ஸ்பைரல் புத்தகத்தைத் தொடவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, 14 கேள்வியும் நான் கோடு போட்ட இடங்களிலேயே வந்து உட்கார்ந்திருந்தன. கேள்விகளைப் படித்ததும் எது எங்கே இடிக்கிறது என்று புரிந்தது. அந்த 415 பக்கத்தைத் தாண்டாமல் இருந்திருந்தால் 14 கேள்வியும் எனக்கு வெறும் ஆங்கிலமாகத்தான் இருந்திருக்கும்.

9 ஜூன் 2025

அக்கா மகள் திருச்சியில் வக்கீல். வாரம் ஒரு முறை போனில் என் சந்தேகங்களைக் கேட்பாள், பொறுமையாகத் திருத்துவாள்.

“சித்தி, ரெண்டு நீதிபதி இதைத் தீர்த்திருக்கலாமான்னு யோசிச்சீங்களா?” என்றாள். யோசிக்கவில்லை. பிரிவு 145(3): அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் முக்கியக் கேள்வி என்றால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் கேட்க வேண்டும். தீர்ப்பு என் பக்கம் வந்ததால் நான் அமர்வை எண்ணவே இல்லை. எனக்குப் பிடிக்காத தீர்ப்பாக இருந்தால் முதல் வேலையாக எண்ணியிருப்பேன். இதை எழுதிவைக்கிறேன், அடுத்த வழக்கில் மறக்கக் கூடாது.

13 ஜூலை 2025

அரசமைப்பு நிர்ணய மன்ற விவாதங்கள் முழுதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதமாக அதில்தான் இருக்கிறேன். இரண்டு சங்கதி கிடைத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன.

ஒன்று. நாடாளுமன்ற மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவதற்கு 1948 வரைவில் ஆறு வாரக் கெடு இருந்தது. 1949இல் அம்பேத்கரே திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டு ‘கூடிய விரைவில்’ என்று போட்டார். எச்.வி.காமத் எழுந்து அதை எதிர்த்தார். மன்றம் அம்பேத்கர் சொன்னதையே ஏற்றது. ஆளுநருக்கான வாசகத்திலும் அதே ‘கூடிய விரைவில்’தான். அப்படியென்றால் கெடு வேண்டாம் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள். இது ஒன்றிய அரசின் பக்கத்துக்குப் பலம்.

இரண்டு. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் வரைவில் ‘தன் விருப்புரிமைப்படி’ என்ற சொல் இருந்தது. ஆங்கிலேயர் காலத்து 1935 இந்திய அரசுச் சட்டத்தின் வாடை அது. அதையும் எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் ஆளுநருக்கு இங்கே சொந்த விருப்பம் கிடையாது என்றும் தெரிந்தே செய்திருக்கிறார்கள். இது மாநிலங்களின் பக்கத்துக்குப் பலம்.

முதலாவதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நான் நம்பிக்கொண்டிருந்தது ஆடிவிட்டது. இரண்டாவது மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. நடுவில் இருந்த அந்த மூன்று நாளில்தான் எதிர்ப்பக்கத்துக்காரர்களின் வாதத்தை நேர்மையாகக் கேட்டேன் என்று சொல்லலாம்.

14 ஜூலை 2025

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஆறு வாரக் கெடுவை எடுத்தவர்கள், ஆறு வாரத்துக்குமேல் ஆகட்டும் என்பதற்காக எடுக்கவில்லை. ‘கூடிய விரைவில்’ என்பது அதைவிட அவசரமான சொல். எங்கள் அலுவலகத்தில் ‘அவசரம்’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டி வரும் தாளில் தேதி போட்டிருக்காது. தேதி இல்லாததால் மெதுவாகப் பார்க்கலாம் என்று எந்த உதவியாளரும் சொன்னதில்லை.

23 ஆகஸ்ட் 2025

அந்த 14 கேள்வியையும் 19ஆம் தேதி முதல் ஐந்து நீதிபதிகள் விசாரிக்கிறார்கள். தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், சூர்ய காந்த், விக்ரம் நாத், பி.எஸ்.நரசிம்மா, ஏ.எஸ்.சந்துர்கர். நேரலை உண்டு. காலை வேலையை முடித்துவிட்டுக் கைபேசியைச் சமையலறை மேடையில் நிறுத்தி வைத்துக் கேட்கிறேன். ஆங்கிலம் வேகம். ஒரு மணி நேரத்தில் பாதிதான் பிடிபடுகிறது. பிடிபடாத சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்து மாலையில் அகராதியில் பார்க்கிறேன். பதிவு இருக்கிறது, நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் கேட்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்குக்கூட இந்த வசதி என் காலத்தில் கிடையாது.

கேரளத்துக்காகக் கே.கே.வேணுகோபால். 90 வயதைத் தாண்டியவர். நின்று வாதாடுகிறார். வயதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அந்தப் பதிவைப் பாருங்கள்.

6 செப்டம்பர் 2025

ஹெச்.எம். சார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். “மேடம், நீங்க கவர்னர் பக்கம் எழுதுங்க. நான் மாநில அரசு பக்கம் எழுதறேன். அடுத்த வாரம் மாத்திப் படிப்போம்.” பிடிக்காத வேலை. செய்தேன். எழுதியதை இங்கே சுருக்கமாகப் போடுகிறேன், வாதம் பலவீனமாக இருந்தால் சொல்லுங்கள்.

மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது எப்போதுமே இடைஞ்சல் அல்ல. சில நேரம் மாநிலத்துக்கே அது தேவை. பொதுப்பட்டியலில் இருக்கும் ஒரு பொருளில் மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் செய்தால், பிரிவு 254(2)படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் இருந்தால்தான் அது நிற்கும். நீட் விலக்கு மசோதா அந்த வழியில்தான் போயிற்று. 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022இல் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி நிறைவேறி டெல்லி போய், இந்த ஏப்ரலில் ஒப்புதல் இல்லை என்று செய்தி வந்தது. முடிவு நமக்குக் கசப்பு, ஆனால் வழி சட்டத்தில் உள்ள வழி. உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதா என்றால் ஆளுநர் அனுப்பியே ஆக வேண்டும். அப்புறம், நாளை ஒரு சட்டமன்றம் எவருடைய அடிப்படை உரிமையையாவது வெளிப்படையாகப் பறிக்கும் மசோதாவை நிறைவேற்றினால், ஒரு கணம் நிறுத்தி, யோசியுங்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டாமா?

எழுதி முடித்தபோது நடத்துநர் அண்ணனின் மே மாதக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்ததுபோல இருந்தது. கையெழுத்து எதற்கு? இன்னொரு தடவை யோசிக்க வைப்பதற்கு. ஒரு தடவை. அதற்கு மேல் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். “யோசிக்கச் சொல்றதுன்னா வாயத் தொறந்து சொல்லணும்ல?” என்றார்.

7 செப்டம்பர் 2025

வாயைத் திறக்காமல் இருந்த பழைய கதை ஒன்று. 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஜைல் சிங் ஒப்புதலும் தராமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா அது. அவர் செய்தது நல்லது என்றே பலரும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அப்படியானால் மௌனம் எனக்குப் பிடித்த இடத்தில் நல்லது, பிடிக்காத இடத்தில் கெட்டது என்றாகிறதே. ஒரு வாரமாக இதை யோசிக்கிறேன். அவரும் திருப்பி அனுப்பியிருக்கலாம், காரணத்தை எழுதியிருக்கலாம். அந்தக் காரணம் இன்றைக்கு நமக்குப் படிக்கக் கிடைத்திருக்கும்.

13 செப்டம்பர் 2025

வாதம் முடிந்து 11ஆம் தேதி ஒத்திவைத்துவிட்டார்கள். பத்து நாள் விசாரணை.

கெடு என்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2017 ஜல்லிக்கட்டு நினைவிருக்கிறதா? மெரினாவில் கூட்டம். சட்டமன்றம் ஜனவரி 23 அன்று மசோதாவை நிறைவேற்றியது. ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். எட்டு நாள். அதே சென்னை, அதே டெல்லி.

22 நவம்பர் 2025

வியாழக்கிழமை கருத்துரை வந்தது. நூறு பக்கத்தைத் தாண்டுகிறது. ஐந்து பேரும் ஒரே குரலில், எழுதியவர் பெயர் தனியாக இல்லாமல், நீதிமன்றத்தின் கருத்து என்றே வந்திருக்கிறது. இந்த முறை தொலைக்காட்சியைப் போடவில்லை. இரண்டு நாள் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கெடு கிடையாது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் தேதி வைக்க முடியாது. ஒப்புதல் தந்ததாகக் கருதுவதும் கிடையாது. பிரிவு 142ஐ வைத்து ஆளுநரின் வேலையை நீதிமன்றம் தானே செய்துவிட முடியாது என்கிறார்கள்.

இதைப் பார்த்து ‘மாநிலங்கள் தோற்றன’ என்று தலைப்புப் போட்டவர்கள் அடுத்த பகுதியைப் படிக்கவில்லை. ஆளுநருக்கு மூன்று வழி: ஒப்புதல், குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது, நிறுத்திவைத்துக் குறிப்போடு திருப்பி அனுப்புவது. நிறுத்திவைத்துவிட்டு மசோதாவைச் சாகவிடும் நான்காவது வழி கிடையாது. ஒன்றிய அரசு அந்த நான்காவது வழி உண்டு என்றுதான் வாதாடியது. நீதிமன்றம் அதை மறுக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது என்று சட்டமே சொல்கிறது. வெறுமனே நிறுத்திவைக்கலாம் என்றால், திருப்பி அனுப்பக்கூட முடியாத பண மசோதாவையும் ஆளுநர் நிறுத்திவைத்துவிடலாம் என்றாகும். அது பொருந்தாது. ஏப்ரலில் நான்கு தடவை கையால் எழுதிய வாசகம், இந்த முடிச்சு என் கண்ணில் படவே இல்லை.

அப்புறம், நீண்ட காலம் காரணம் சொல்லாமல் சும்மா இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். ‘இதைச் செய்’ என்று சொல்லாது. ‘நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்’ என்று மட்டும் ஆணையிடும். வக்கீல்கள் பாஷையில் ஒரு சின்ன மேண்டமஸ், அதாவது செயலுறுத்தும் ஆணை.

நான் ஏப்ரலில் தேடிக்கொண்டு போன கேள்வி, அந்த மேசைத் தாளை யார் கேட்பது என்பது. நவம்பர் சொல்லும் பதில்: கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக வழக்குப் போட்டுக் கேட்க வேண்டும்.

எனக்கு இது போதவில்லை. நன்றாக எழுதப்பட்ட கருத்துரை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 1949இல் கெடுவை எடுத்தார்கள் என்ற உண்மையைத் தள்ளிவிட்டுப் போக முடியாது, நானே ஜூலையில் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் ‘நியாயமான காலம்’ எவ்வளவு என்று சொல்லாமல் விட்டால், ஏழு மாதமா, பதினேழு மாதமா என்ற பேச்சே அடுத்த வழக்காகிவிடும்.

29 நவம்பர் 2025

ஏப்ரல் தீர்ப்பு ரத்தாகிவிட்டதா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். 143இல் சொல்வது கருத்துரை, மேல்முறையீடு அல்ல. 1991இல் காவிரி நடுவர் மன்ற விவகாரத்தில் இதே 143இல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே தீர்த்ததைக் குடியரசுத் தலைவர் கேள்வி அனுப்பித் திரும்பத் தீர்க்கச் சொல்ல முடியாது என்றது. 2ஜி தீர்ப்புக்குப் பிறகு 2012இல் வந்த கருத்துரையில் அதைக் கொஞ்சம் தெளிவாக்கினார்கள்: சட்டம் என்ன என்ற பார்வையை மாற்றலாம், ஆனால் வழக்காடிய இரு தரப்புக்குள் முடிந்த விவகாரத்தை அந்த வழியில் திறக்க முடியாது. இந்த இரண்டு பழைய வழக்கையும் படிக்காமல் நவம்பரைப் படித்தால் பாதிதான் புரியும்.

1 டிசம்பர் 2025

எனக்குத் தோன்றிய ஒன்று. எந்தக் கட்டுரையிலும் பார்க்கவில்லை, அதனால் கவனமாக எழுதுகிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் வராவிட்டால் ‘மறுத்ததாகக் கருதப்படும்’ என்று இருக்கிறது. கொடுத்ததாக அல்ல, மறுத்ததாக. பார்க்க நமக்குப் பாதகமான வாசகம்போலத் தெரியும். அலுவலகத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவளாகச் சொல்கிறேன், அதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. மௌனத்துக்குக் கிடையாது. மௌனத்தை மறுப்பு என்று சட்டம் பெயர் வைத்ததும் மனுதாரருக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்துவிடுகிறது.

ஏப்ரல் தீர்ப்பு அந்தப் பத்து மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதியது. அது பெரிய தாவல், அதனால்தான் நவம்பர் கருத்துரையில் அந்த வழி நிற்கவில்லை. ‘திருப்பி அனுப்பியதாகக் கருதப்படும்’ என்று இருந்தால்? மசோதா சட்டமன்றத்துக்கு வந்துவிடும். உறுப்பினர்கள் மறுபடி யோசிப்பார்கள், வேண்டுமென்றால் திருத்துவார்கள், மறுபடி நிறைவேற்றுவார்கள். ஆளுநரின் கையெழுத்தை யாரும் பிடுங்கவில்லை. எங்கள் பாஷையில் அது ஒரு என்.டிஸ்: தாள் வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று, பதிவேட்டில் வரி முடிந்தது.

நீதிமன்றம் இதை எழுத முடியாது, அரசமைப்புச் சட்டத் திருத்தம் வேண்டும். பாதி மாநிலங்களாவது ஒப்ப வேண்டியிருக்கும்.

4 டிசம்பர் 2025

மேலே கடைசி வரி தவறு. அக்கா மகள் திருத்தினாள். பாதி மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும் இனங்கள் எவை என்று பிரிவு 368(2) பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. உயர் நீதிமன்றங்கள் பற்றிய அத்தியாயம் அதில் இருக்கிறது. பிரிவு 200 இருக்கும் மாநிலச் சட்டமன்ற அத்தியாயம் அதில் இல்லை. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை இருந்தால் போதும், மாநிலங்களைக் கேட்க வேண்டியதில்லை.

மாநிலச் சட்டமன்றத்தின் மசோதாவுக்கு என்ன ஆகும் என்று சொல்லும் பிரிவை மாநிலங்களைக் கேட்காமலே மாற்றலாம். இதைப் படித்ததும் பட்டியலை விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி.

20 டிசம்பர் 2025

ஞாபக மறதி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் வழக்குப் பெயர் தங்குவதில்லை. அலுவலகப் பழக்கத்தையே வைத்துக்கொண்டேன்: நடப்புக் கோப்பு ஒன்று, குறிப்புக் கோப்பு ஒன்று. நடப்பில் தீர்ப்புப் பக்கங்கள். குறிப்பில் வழக்குக்கு ஒரு தாள்: யார் கேட்டது, என்ன கேட்டது, எத்தனை நீதிபதிகள், என்ன சொன்னார்கள், நான் ஒப்புகிறேனா. கடைசி வரியைப் பென்சிலில் எழுதுங்கள். எனக்குப் பிரிவு 200 தாளில் அந்த வரி இதுவரை நான்கு முறை அழிந்திருக்கிறது.

ஹெச்.எம். சார் அடுத்து 130ஆவது திருத்த மசோதா என்கிறார். 30 நாள் காவலில் இருந்தால் அமைச்சர் பதவி போகும் என்ற மசோதா, ஆகஸ்டில் மக்களவையில் வைத்தது. எந்தப் பக்கம் யார் எழுதுவது என்று சீட்டுக் குலுக்கினோம். எனக்கு மறுபடியும் பிடிக்காத பக்கம்.

10 ஜனவரி 2026

சொந்த விஷயம் ஒன்று, இந்தப் பேச்சோடு சேர்ந்தது என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பங்குக்கு வந்த மனைக்கு உட்பிரிவுப் பட்டா கேட்டு மனுப் போட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். நேரில் மூன்று முறை போனேன். ‘பார்க்கிறோம் மேடம்’ என்றார்கள், மரியாதையாகவே. அங்கே இருந்த நாற்காலிகளில் ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தவள்தான், அதனால் குரலை உயர்த்த மனசு வரவில்லை. என் மேசையிலும் இப்படிக் கிடந்த தாள்கள் உண்டு. நிலுவைப் பட்டியலில் எண்ணிக்கையாகப் பார்த்தேனே தவிர, அதற்கு வெளியே ஒருவர் பஸ் ஏறி வந்து நின்றுகொண்டிருந்தார் என்று இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை.

டிசம்பர் முதல் வாரம் தகவல் உரிமை மனு ஒன்று எழுதினேன். என் மனுவின் மீது இதுவரை என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், யாரிடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

நேற்று தபால் வந்தது. பட்டா மனு நிராகரிக்கப்பட்டது. அளவில் வித்தியாசம் இருக்கிறதாம். காரணம் இரண்டரை வரி, கீழே கையெழுத்து, தேதி.

அக்கா மகளுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். “சித்தி, ரிஜெக்ட் ஆயிருக்கு, நீங்க சந்தோஷமா வாசிக்கிறீங்க” என்றாள். அளவில் வித்தியாசம் இல்லை, புலப்படம் என்னிடம் இருக்கிறது. கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் பத்தி வரை வந்துவிட்டது.